பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரிப் பாடம் நடத்தியவர்களைப் பார்த்ததுண்டா? உங்கள் அனுபவம்

பினாங்கு, இயற்பியல் விரிவுரையாளர்:

எல்லாரும் தங்களுக்குப் பிடித்த விரிவுரையாளரைப் பற்றித்தான் எழுதுவீர்கள். நான் ஒரு துறைத் தலைவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் என் வகுப்பை ஒரு நாளும் எடுத்ததில்லை. ஆனால் அவர் இல்லையென்றால் அந்த வகுப்பு முதல் செமஸ்டரோடு செத்திருக்கும்.

முதலாண்டு இயற்பியலுக்கு, ஹார்வர்டில் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறையை எடுத்துக்கொண்டேன். மசூர் மாணவர்களிடம் நல்ல பேர் வாங்கியவர். ஆனாலும் கணக்கையெல்லாம் சரியாகப் போட்ட அவருடைய மாணவர்கள், அடிப்படைக் கருத்தைக் கேட்டால் தடுமாறினார்கள். அதனால் விரிவுரையைக் குறைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். கேள்விக்கு ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை காட்ட வேண்டும். சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் மறுபடி விளக்க வேண்டும். 70-ஐத் தாண்டினால் அடுத்ததற்குப் போகலாம். நடுவில் நின்றால் பக்கத்து ஆளோடு வாதாட விட்டு, திரும்ப விடை கேட்க வேண்டும். அவ்வளவுதான் முறை.

என் கேள்வி இது: பத்து சென் காசை மேலே சுண்டுகிறோம். கையை விட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் விசை எந்தப் பக்கம்? (காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.) வகுப்பில் பாதிக்கு மேல் ‘மேல்நோக்கி’ என்று மஞ்சள் அட்டையைத் தூக்கியது. எஸ்டிபிஎம்மில் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய தேர்வு) ஏ வாங்கியவர்களும் சேர்த்துத்தான். “பக்கத்தில் இருப்பவரை ஒத்துக்கொள்ள வையுங்கள்” என்றதும் வகுப்பு மாமாக் கடை மாதிரி இரைச்சலாகிவிட்டது. கேள்வி ஆங்கிலத்தில், சண்டை ஹொக்கியனில், மலாயில், தமிழில். பின்வரிசையில் ஒரு பையன், “டேய், கை விட்டாச்சு. அப்புறம் யார்டா அதைத் தள்ளுறா?” என்றான். நான் மணிக்கணக்கில் ஸ்லைடு போட்டாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். தள்ள யாரும் இல்லை. புவியீர்ப்பு மட்டும்தான், அதுவும் கீழ்நோக்கி. மறுபடி அட்டையைத் தூக்கச் சொன்னபோது மஞ்சளைத் தேட வேண்டியிருந்தது.

செமஸ்டர் முடிவில் மாணவர் மதிப்பீடு வந்தது. சரியான அடி. ‘இவர் பாடமே நடத்துவதில்லை, நாங்களே படித்துக்கொள்கிறோம்’ என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அந்தப் புள்ளிகள் என்ன செய்யும் என்று இங்கே பலருக்குத் தெரியும்.

துறைத் தலைவர் கூப்பிட்டார். மேசையில் மதிப்பீடும் இருந்தது, இறுதித் தேர்வு விடைத்தாள் கட்டும் இருந்தது. மதிப்பீட்டை அவர் தொடவில்லை. “காரணம் எழுதியிருக்காங்க, பார்த்தீங்களா? போன வருஷம் வெறும் சூத்திரம்தான் இருந்தது” என்றார். டீனிடம் அவரே போய்ப் பேசினார். அடுத்த செமஸ்டருக்குள் படிக்கட்டு மண்டபத்திலிருந்து, நாற்காலியைத் திருப்பிப் போடக்கூடிய அறைக்கு எங்களை மாற்றினார். சிதறிக் கிடந்த ஒரு மணி நேர வகுப்புகளைச் சேர்த்து இரண்டு மணி நேரமாக்கினார். தேர்வில் காரணம் கேட்கும் கேள்வி கட்டாயம் என்றும் வைத்துவிட்டார்.

பிற்பாடு 2019-இல் ஹார்வர்டிலிருந்தே ஓர் ஆய்வு வந்தது. இப்படிப்பட்ட வகுப்பில் இருந்தவர்கள் விரிவுரை கேட்டவர்களைவிடத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். அதன் முதல் பக்கத்தை அச்செடுத்துத் தன் அறைக் கதவில் ஒட்டியிருந்தார் மனுஷன். இப்போது அதை முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்குக் காட்டிவிடுகிறேன். முனகல் குறைந்திருக்கிறது.

கோலாலம்பூர், கணக்கியல்:

கொடுத்து வைத்தவர் நீங்கள். எங்கள் இடத்தில் புதுமை சுற்றறிக்கையாக வந்தது. பேர் வேண்டாம். இணையத் தளத்தில் எத்தனை கோப்பு ஏற்றினீர்கள் என்று எண்ணி, போதுமென்றால் உங்கள் பாடத்துக்குப் பச்சை விளக்கு. ஒரே ஸ்லைடு தொகுப்பை நாலாக வெட்டி ஏற்றிப் பச்சை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வகுப்புக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது உருப்படியாகப் பாடம் நடத்தியது எங்கள் துறையின் மூத்த அக்கா ஒருவர்தான். எஸ்டேட் தோட்டத்துக்குத் திரும்பிப் போன பிள்ளைகளுக்கு வீடியோ ஓடாது என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார். பேரேட்டைக் கையால் எழுதிப் படம் பிடித்தும் போட்டார். அவர் பாடத்துக்குக் கடைசி வரை சிவப்பு விளக்குதான்.

பினாங்கு நண்பரிடம் ஒன்று கேட்கிறேன். அந்தத் துறைத் தலைவர் மாறிப் போனால் என்ன ஆகும்?

பினாங்கு, அரசு மருத்துவர்:

நல்ல கேள்வி. நான் படித்தது யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), கிளந்தானில் இருக்கும் குபாங் கிரியான் வளாகம். யூஎஸ்எம்மின் மருத்துவப் பள்ளி 1979-இல் ஆரம்பித்தது. கனடாவின் மெக்மாஸ்டரில் 1969-இல் பிறந்த பிரச்சினைவழிக் கற்றலைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள். கால அட்டவணையிலும் அது இருந்தது. தலைவர்கள் மாறினாலும் சிறு குழு, ஒரு நோயாளியின் கதை, ஒரு வழிநடத்துநர் என்பது மாறவில்லை.

ஒரு கதை இன்னும் நினைவிருக்கிறது. நாலு நாள் காய்ச்சல், இன்று இறங்கிவிட்டது, ஆனால் நோயாளி சோர்ந்து கிடக்கிறார், வயிறு வலிக்கிறது. காய்ச்சல் விட்டதே, வீட்டுக்கு அனுப்பலாம் என்றோம். வழிநடத்துநர் நிபுணர். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து என்று அவருக்குத் தெரியாதா? பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, “வேற என்ன தெரியணும் உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டார். இரத்த நாளத்திலிருந்து நீர் கசிவதை நாங்களே நூலகத்தில் தேடிப் பிடித்தோம். இன்று வார்டில் காய்ச்சல் அட்டவணையில் கோடு சட்டென்று இறங்கினால், முதலில் நாடியைத்தான் பிடிக்கிறேன்.

ஆனால் திட்டத்தில் எழுதி வைத்தாலும், வாயை அடக்க முடியாதவர் கிடைத்தால் அது விரிவுரைதான். அடுத்த அறையில் அப்படி ஒருவர் இருந்தார். விடையெல்லாம் அவரே சொல்லிவிடுவார். அந்தக் குழு அரை மணி முன்னாலேயே கேன்டீனில் இருக்கும். எங்களுக்கு அப்போது ஒரே பொறாமை.