டீஃபால்ட் கேட்வே: ‘தலைவாயில்’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

கம்பியில்லா இணைப்பு மேலாளரில் ‘இணைப்பு விவரம்’ சாளரத்துக்கான தமிழ்ச் சொற்களை நேற்று இரவு ஒருவழியாக முடித்தேன், ஒன்றைத் தவிர. டீஃபால்ட் கேட்வே, அதாவது வெளியே போக வேண்டியதைக் கணினி ஒப்படைக்கிற முகவரி. பழைய மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘முன்னிருப்பு நுழைவாயில்’ என்று இருக்கிறது. அதை அப்படியே விட மனம் வரவில்லை.

இந்தச் சாளரத்தை யாரும் ஆசைக்குத் திறப்பதில்லை. இணையம் வராதபோதுதான் திறக்கிறார்கள், பெரும்பாலும் தொலைபேசியின் மறுமுனையில் யாரோ “அதில் என்ன எண் காட்டுகிறது, படியுங்கள்” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது. ஐபி முகவரி 169.254 என்று தொடங்கி, கேட்வே காலியாக இருந்தால் திசைவியிடமிருந்து (ரௌட்டர்) முகவரி வந்து சேரவில்லை என்று ஊகிக்கலாம். 192.168.1.1 போல ஒன்று இருந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். ஆக, வாய்விட்டுப் படிக்கவும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளவும் ஏற்ற சொல்லாக இருக்க வேண்டும்.

‘நுழைவாயில்’ உள்ளே வருவதைச் சொல்கிறது. இங்கே நடப்பதோ பெரும்பாலும் வெளியே போவது. போக வேண்டிய முகவரி தன் பிணையத்திலேயே (நெட்வொர்க்) இருந்தால் கணினி நேராக அனுப்பிவிடும். வேறு எங்கே என்றாலும், தனி வழி குறித்துவைக்காதவரை, தரவுப் பொட்டலத்தை இந்த ஒரு முகவரியிடம் ஒப்படைத்துவிடும். வீட்டில் எத்தனை கதவு இருந்தாலும் வெளியூர்ப் பயணம் தலைவாசல் வழியாகத்தானே? அதனால்தான் ‘தலைவாயில்’. வாயில் என்றால் போகவும் வரவும் பொது.

‘முன்னிருப்பு’ காணாமல் போகிறதே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எந்த முகவரிக்கு எந்த வழி என்று கணினி வைத்திருக்கும் வழிப்பட்டியலில் பல கேட்வேக்கள் இருக்கலாம். அவற்றையெல்லாம் ‘வாயில்’ என்போம், எதற்கும் வழி தெரியாதபோது போகிற ஒன்றை மட்டும் ‘தலைவாயில்’ என்போம். டீஃபால்ட்டின் வேலையைத் ‘தலை’ செய்துவிடுகிறது. (பாதுகாப்புத் துறையினர் பேக்டோருக்கு, அதாவது கணினிக்குள் நுழையும் மறைவழிக்கு, சொல் தேடினால் புழக்கடை வாசல் காலியாகத்தான் கிடக்கிறது.)

சப்நெட் மாஸ்க்குக்கு ‘முகமூடி’ வேண்டவே வேண்டாம். 255.255.255.0 என்பது முகவரியின் முதல் 24 பிட்டுகள் பிணையத்துக்கு, மீதி 8 கருவிக்கு என்று பிரித்துக் காட்டுகிறது. தெருப்பெயர் எதுவரை, கதவு எண் எங்கிருந்து என்கிற கணக்கு. ‘பகுப்பு’ பொருந்தும்தான், ஆனால் விக்கிப்பீடியா பழக்கத்தில் அது வேறு பொருளுக்குப் போய்விட்டது. ‘பிணைய வரை’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை, அடித்துத் திருத்துங்கள்.

‘வேகம்’ என்று மொட்டையாக விடாமல் ‘அருகலை (வைஃபை) வேகம்’ என்று மாற்றினேன். அந்த எண் கணினிக்கும் திசைவிக்கும் இடைப்பட்டது மட்டுமே. அதைப் பார்த்துவிட்டு இணைய நிறுவனத்திடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். (சரி, நானும்தான்.)

எஸ்எஸ்ஐடிக்கு விரிவாக்கமே வேண்டாம், ‘பிணையப் பெயர்’ போதும். அதற்கு 32 பைட்டுகள்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு, உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனிக்கணக்கு. ‘தலைவாயில்’ 27 பைட்டு, நல்லவேளையாகப் பெயராகவும் வைக்கலாம்!

அப்புறம், ‘இணைப்புத் தகவல்’, ‘இணைப்பு விவரம்’ இரண்டும் கோப்பில் கலந்து கிடந்தன. எல்லாவற்றையும் ‘விவரம்’ ஆக்கிவிட்டேன். ஒற்று மிகுமா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிற வேலை மிச்சம்.

சனிக்கிழமைக்குள் மறுப்பு வந்தால் மாற்றுகிறேன். இல்லையென்றால் ‘தலைவாயில்’ என்றே கோப்பை ஏற்றிவிடுவேன். ‘பிணைய வரை’க்கு மட்டும் யாராவது கைகொடுங்கள்.