அப்பா வாட்ச் மூடிக்குள் கீறி வைத்த எழுத்துகள்: யாராவது படித்துச் சொல்வீர்களா?

கரிசல்மகள்:
வணக்கம். எங்கப்பா கோவில்பட்டியில் 38 வருஷம் வாட்ச் ரிப்பேர் பார்த்தவர். மெடிக்கல் கடைச் சுவரை ஒட்டி ஒரு மேசை, அதன்மேல் கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. போன ஆவணியில் தவறிட்டார்.

அவர் பெட்டியை இப்போதுதான் திறக்க மனசு வந்தது. ஆட்கள் திரும்ப வாங்காமல் விட்ட 31 வாட்ச் இருக்கு. பாதிக்கு மேல் சாவி கொடுக்கிற எச்எம்டி ஜனதா, ரெண்டு ஃபேவர் லூபாங்கிற சுவிஸ் கம்பெனி வாட்ச், நாலைந்து பேட்டரி வாட்ச். நூலில் கட்டிய அட்டைகளில் பேரெல்லாம் மங்கிப்போச்சு. தம்பி ஒன்றின் பின்மூடியைக் கழற்றினான். உள்பக்கம் ஊசியால் கீறின மாதிரி பொடி எழுத்தில் "412, 3/88, பே". இன்னொன்றில் "97, 11/93, மெ". சிலதில் கடைசியில் ஒரு சின்னச் சுழி. எல்லாம் அப்பா கையெழுத்துதான். என்ன அர்த்தம்? சாவி கொடுத்துப் பார்க்கலாமா? உரியவங்ககிட்ட எப்படிச் சேர்க்கிறது?

அப்பா கடையில் ஃபேன் கிடையாது. காற்றடித்தால் மயிரிழை மாதிரி இருக்கிற ஹேர் ஸ்பிரிங் பறந்துடும். சித்திரை வெயிலிலும் நெற்றியில் துண்டைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பார், ஒரு சொட்டு வியர்வை உள்ளே விழுந்துடக் கூடாதுன்னு. ராத்திரி வீட்டுக்கு வந்தால் தெருப் பிள்ளைகள் திண்ணையில் காத்திருக்கும். எங்க ஊர் காட்டில் சீமைக் கருவேல முள் குத்தாத கால் கிடையாது. அப்பா லென்ஸைக் கண்ணில் செருகிக்கிட்டு, எங்க பாதத்தைத் தன் தொடைமேல் வைத்து, கடைச் சாவணத்தால் முள்ளை முறியாமல் எடுப்பார். எடுத்த முள்ளை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். அதைப் பார்த்தால்தான் எங்க அழுகை நிற்கும்.

பழைய மெக்கானிக், மதுரை:
தாயி, நானும் அதே தொழில்தான், 71 வயசாகுது. முதல் எண் உங்கப்பா நோட்டில் வரிசை எண்ணாயிருக்கும். அடுத்தது மாசமும் வருஷமும். "பே"ன்னா பேலன்ஸ் வேலை, அதாவது உள்ளே இப்படியும் அப்படியும் ஆடுற சக்கரம். "மெ"ன்னா மெயின் ஸ்பிரிங் மாற்றினது, சாவி கொடுத்தால் இறுகுற சுருள். எங்க தொழிலில் நிறையப் பேர் இப்படி அடையாளம் கீறிட்டுத்தான் மூடியைப் போடுவாங்க. அஞ்சு வருஷம் கழித்து அதே வாட்ச் வந்தாலும் முன்னாடி என்ன பார்த்தோம்னு மூடியே சொல்லிடும். சுழி மட்டும் எனக்குப் பிடிபடலை. அது அவங்கவங்க சொந்தக் குறி. நோட்டு இருந்தால் தேடிப் பாருங்க.

சாவி கொடுக்காதீங்க. ஜனதா நொடிக்கு 5 துடிப்பு, ஒரு நாளைக்கு 4,32,000. எண்ணெய் காய்ந்துபோன வாட்ச்சை ஓடவிட்டால் பேலன்ஸ் அச்சின் நுனி தேய்ந்துடும், அது மயிரிழை கனம்தான். எச்எம்டி வாட்ச் பிரிவை மூட 2016இல் முடிவானது, இனி ஸ்பேருக்குப் பழைய சரக்கைத்தான் நம்பணும். பேட்டரி வாட்ச்களில் பேட்டரியை உடனே எடுத்துடுங்க, கசிந்தால் உள்ளே அரிச்சிடும்.

ஒரு எச்சரிக்கை. ஃபேவர் லூபா ரொம்பப் பழசாயிருந்து, முள்ளிலும் எண்ணிலும் மஞ்சளோ பழுப்போ ஏறின பூச்சு இருந்தால் கண்ணாடியைக் கழற்றாதீங்க. 1960கள் வரைக்கும் இருட்டில் மின்னுறதுக்கு ரேடியம் பூசினாங்க, அது கதிர்வீச்சு விடுற பொருள். இருட்டில் மின்னாமல் போனாலும் ரேடியம் அப்படியேதான் இருக்கும். சுரண்டினால் தூள் மூச்சில் போகும்.

தையல்காரர் மகன்:
எங்கப்பா டெய்லர். அவர் போனபிறகு வாங்காத துணிகளை இப்படித்தான் சேர்த்தோம். போட்டோ எடுத்து குரூப்பில் போடாதீங்க, யார் வேணும்னாலும் என்னுதுன்னு வருவாங்க. மெடிக்கல் கடையிலும் பக்கத்து டீக்கடையிலும் ஒரு தாள் ஒட்டுங்க, "இன்னார் கடையில் வாட்ச் கொடுத்தவங்க வாங்கிக்கலாம்"னு. அடையாளம் அவங்க வாயாலேயே சொல்லட்டும்.

கரிசல்மகள்:
மதுரை ஐயா, நோட்டு கிடைச்சது! அரிசிப் பானைக்குப் பின்னாடி, நீள நோட்டு 6. நீங்க சொன்னபடி எண் எல்லாம் பொருந்துது. சுழி போட்ட வரிகளில் காசுக் கட்டம் காலி. முக்கால்வாசி பிப்ரவரி, மார்ச்.

அம்மாகிட்ட காட்டினேன். "பரீட்சைக்குப் போற பிள்ளைங்க வாட்ச்சுடி, அதுக்கு உங்கப்பா வாங்கமாட்டாரு"ன்னு சொல்லிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டாங்க. நான் பத்தாவது எழுதின வருஷத்து மார்ச் பக்கத்தில் மட்டும் 14 சுழி எண்ணினேன். அந்த வருஷம் எனக்கு பரீட்சைக் கட்டணம் கட்ட அம்மா தோட்டை அடகு வைத்தது எனக்குத் தெரியும். வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்ப முடியலை.

பேட்டரி எல்லாம் எடுத்தாச்சு. ஃபேவர் லூபா ஒன்றில் நீங்க சொன்ன பூச்சு இருக்கு, கவரில் போட்டுத் தனியா வைத்திருக்கேன். தாள் ஒட்டி நாலு நாள் ஆச்சு. நேற்று ஒரு பெரியவர் வந்தார், ரிட்டயர்டு கண்டக்டர். "பின்மூடியில் என் மகன் பேரை வெட்டியிருக்கும்"னார், சரியா இருந்தது. நோட்டில் 35 ரூபாய் பாக்கி. எவ்வளவு சொல்லியும் கேட்காமல் எண்ணிக் கொடுத்தார். அம்மா வாங்கி, அப்பாவோட சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்து அந்த வரியை அடித்தாங்க.

இன்னும் 30 இருக்கு.