இம்பாக்ட் கன் தண்ணி துப்புது, ட்ரக்டர் நட்டு கழலுதில்லை: கன் மாத்திறதா, லைன் மாத்திறதா?

களுவாஞ்சிகுடி கராஜ்:
எல்லாருக்கும் வணக்கம். 3 எச்பி பெல்ட் கொம்ப்ரசர், 100 லீற்றர் ராங்க், 8 பார் (116 பிஎஸ்ஐ அளவு) அழுத்தத்தில தானா நிற்கும். சுவர் நெடுக அரை அங்குல பிவிசி பைப், அதில இருந்து கால் அங்குல சுருள் ஹோஸ் 15 மீற்றர். கன், காற்றால அடிச்சு நட்டுக் கழற்றுற அரை அங்குல இம்பாக்ட் கன். கார் நட்டு லேசா கழலுது. ட்ரக்டர் பின்சில்லுக்குப் போனா முதல் ரெண்டு மூணு அடி பலமா விழும், பிறகு சும்மா கடகடக்கும். மாரி தொடங்கினதில இருந்து கன்னில வெளியேறுற காற்றோட தண்ணியும் பால் போல ஒயிலும் வருது. அழுத்தம் கூட்டிக் குறைக்கிற ரெகுலேற்றரை 110 பிஎஸ்ஐக்கு ஏத்தினா சரிவருமா, இல்ல புதுக் கன் வாங்கணுமா? பெப்ரவரியில நெல்வெட்டு தொடங்க முதல் சரிப்படுத்தணும்.

கல்முனை மெக்கானிக்:
தம்பி, ரெகுலேற்றரைத் தொடாதீங்க, கன்னையும் இப்ப திறக்காதீங்க. கன் வாயில ஒரு ரீ (T) இணைப்புப் போட்டு அழுத்தம் காட்டுற கேஜ் பூட்டுங்க. விசையை அழுத்தி, கன் ஓடும்போது முள் எங்க நிற்குதெண்டு பாருங்க. ஓடும்போது 90 பிஎஸ்ஐ இருக்கணும். நிற்கும்போது 90 காட்டி, ஓடும்போது 60க்கு விழுந்தா காற்றுத்தான் வந்து சேருதில்லை. நீங்க சொல்ற அடையாளம் அதுதான்: முதல் அடிகள் ஹோஸுக்குள்ள அடைஞ்சு கிடந்த காற்றில விழுறது, அது முடிஞ்சதும் கால் அங்குலத் துவாரத்தால வேண்டிய அளவு வராது.

உள்துவாரம் 3/8 அங்குலமான நேர் ஹோஸ், 10 மீற்றருக்கு மேல வேணாம். ஹோஸைப் பூட்டுற கப்ளரும் அதே துவாரத்தில வாங்குங்க. ஹோஸை மாத்திப் போட்டு பழைய சின்னக் கப்ளரை விட்டா காசுதான் வீண். இன்னொண்டு, விடாம ஓட்டினா கன் நிமிசத்துக்கு 500, 600 லீற்றர் காற்று இழுக்கும். 3 எச்பி கொம்ப்ரசர் தர்றது 280 லீற்றர் அளவு. ராங்க் 8 பாரில இருந்து 6க்கு இறங்குறதுக்குள்ள கிடைக்கிறது 200 லீற்றர்தான். அதனால ஐந்து செக்கனுக்கு மேல ஒரே நட்டில பிடிக்காதீங்க. துருவேறின நட்டுக்கு முதல்நாள் துரு இளக்குற ஒயில் விட்டு, நீளக் கம்பி போட்டு இளக்கிப் போட்டு கன்னைக் கொண்டு போங்க.

ஓடும்போதும் 90 நின்று அடி பலமில்லாட்டித்தான் கன்னைத் திறக்கணும். ரோட்டர் (காற்றில சுழலுற உருளை) தகட்டை அதன் காடியில விட்டா தன் பாரத்திலயே வழுகி விழணும். ஊறி ஒட்டி நின்றாலோ விளிம்பு பிசிறியிருந்தாலோ தகடு முழுக்க ஒரு செற்றா மாத்துங்க.

மட்டக்களப்பு வெல்டிங்:
தண்ணியை விட அவசரமானது அந்த பிவிசி. இன்றைக்கே காற்றை இறக்கி அதைக் கழற்றுங்க. தண்ணி நிரம்பின பிவிசி வெடிச்சா ஒழுகும், அவ்வளவுதான். காற்று நிரம்பினது வெடிச்சா கண்ணாடித் துண்டு போல சிதறும். கொம்ப்ரசர் சூடும் ஒயில் ஆவியும் சேர்ந்து பிவிசியை வருசா வருசம் நொறுங்கல் ஆக்கும், வெளியில ஒரு அடையாளமும் தெரியாது.

முக்கால் அங்குல ஜிஐ (நாகம் பூசின இரும்பு) பைப் போடுங்க. கொம்ப்ரசர்ல இருந்து தள்ளிப் போகப் போக மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் சரிவு. கன்னுக்குக் கீழ இறங்குற ஒவ்வொரு கிளையையும் (இறக்கம்) பைப்பின் மேற்பக்கத்தில இருந்து எடுத்து வளைச்சுக் கீழ கொண்டு வாங்க. கீழ்ப்பக்கம் எடுத்தா லைன் தண்ணி எல்லாம் நேரா கன்னுக்குள்ள. கடைசிக் கோடியில தண்ணி தேங்க ஒரு குட்டைப் பைப்பைக் கீழ இறக்கி அடியில வால்வு.

தண்ணி எவ்வளவெண்டா: மாரியில 27 பாகையும் 90 வீத ஈரப்பதமும் இருக்கும் காற்றில கனமீற்றருக்கு 23 கிராம் தண்ணி. உங்கட கொம்ப்ரசர் மணித்தியாலத்துக்கு 17 கனமீற்றர் இழுக்கும். விடாம ஓடினா 300 மில்லிக்கு மேல தண்ணியாகும். கச்சான் வறள்காற்று அடிக்கிற மாதங்கள்ல குறையும், நிற்காது. ஒவ்வொரு நாளும் வேலை முடிய, கொஞ்சக் காற்று மிச்சமிருக்க ராங்க் அடி வால்வைத் திறந்து தண்ணி முழுக்க வெளியேறவிடுங்க. விட்டா ராங்க் அடித்தகடு உள்ளுக்கிருந்து அரிக்கும். ஊசிமுனை ஓட்டை கண்டா வெல்டிங் வைக்கவே கூடாது, சுற்றியிருக்கிற தகடும் மெலிஞ்சிருக்கும். அந்த ராங்க் பழைய இரும்புக்குத்தான். சேப்டி வால்வ் வளையத்தை மாதம் ஒருதரம் இழுத்துப் பாருங்க. இறுகிப் போயிருந்தா உடனே புதுசு, ஆணியோ போல்டோ வச்சு அடைக்கிறது உயிரோட விளையாட்டு.

அக்கரைப்பற்று ரயர்:
கல்முனை நானா சொன்னதோட பாதுகாப்பையும் சேருங்க. கன்னுக்கு கறுப்பு இம்பாக்ட் சொக்கற் மட்டும். பளபளக்கிற குரோம் சொக்கற் கைச்சாவிக்கு உரியது, கன் அடியில பிளந்து முகத்துக்கு வரும். ஹோஸ் கழற்ற முதல் வால்வைப் பூட்டி, விசையை அழுத்தி மிச்சக் காற்றை இறக்கி, அதுக்குப் பிறகு கப்ளர். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி.

வெட்டுக் காலத்தில அதிகம் நடக்கிறது, மெசின் கழுவினவர் அதே காற்றால தன்ட சட்டைத் தூசை ஊதுறது. வேணவே வேணாம். தோல்ல சின்னக் கீறலிருந்தாலும் காற்று உள்ளுக்குப் போகும், காதுச் சவ்வு கிழியும். வெட்டுமெசின் ரேடியேற்றரை 30 பிஎஸ்ஐக்கு இறக்கி, காற்றாடிப் பக்கத்தில இருந்து வெளிப்பக்கமா ஊதுங்க. எதிர்ப்பக்கம் ஊதினா பதர் செட்டைக்குள்ள இன்னும் இறுகும்.

களுவாஞ்சிகுடி கராஜ்:
கேஜ் போட்டுப் பார்த்தன், ஓடும்போது 55. பிவிசி கழற்றியாச்சு. கன்னுக்கு இவ்வளவு நாளும் எஞ்சின் ஒயில்தான். அது பிழையா? இதே லைன்ல பெயின்ட்டும் அடிக்கலாமா?

கல்முனை மெக்கானிக்:
55 எண்டா காற்றுத்தான் வந்து சேருதில்லை, புதுக் கன் இப்ப வேணாம். பால் நிறத்துக்குக் காரணம் அந்த எஞ்சின் ஒயில். அதில இருக்கிற அழுக்கு நீக்கி தண்ணியோட கலந்து பசையாகி தகட்டைப் பிடிக்கும். காற்றுக் கருவி ஒயில் வாங்குங்க, 22 அல்லது 32 தரம். காலையில கன் வாயில 4, 5 துளி விட்டு அரை நிமிசம் ஓட்டுங்க, பின்னேரம் பூட்ட முதலும் அப்படியே. ஈரம் உள்ள இருந்தா அந்த இராத்திரியே துருப் பிடிக்கும். கன்னுக்குள்ள அடிக்கிற சுத்தியல் பக்கத்துக்கு கிரீஸ் வேற.

பெயின்ட்டுக்கு, ஒயில் விடும் லூப்ரிகேற்றருக்கு முதலே தனி இறக்கம் எடுத்து, அதில பில்டரும் ரெகுலேற்றரும் மட்டும் பூட்டுங்க, ஹோஸும் வேற. கன்னுக்குப் பாவிச்ச ஹோஸ்ல ஒயில் ஊறியிருக்கும், பெயின்ட்ல மீன்கண் போல குழி குழியா விழும்.