கால்சியம் சேனலை அடைக்கும் மாத்திரை கை கால் தசையை ஏன் விட்டுவிடுகிறது?

பாதிபுரிந்தவன்:
பார்மகாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்லோடிபின், நிஃபெடிபின் வகையறா பிரஷர் மாத்திரைகள் (டைஹைட்ரோபிரிடின் என்பது இவற்றின் குடும்பப் பெயர்) தசை செல்லில் இருக்கும் டைஹைட்ரோபிரிடின் ரிசெப்டாரில் ஒட்டுகின்றன என்று ஒரு பக்கத்தில் போட்டிருக்கிறது. அடுத்த பக்கத்தில் எல்-வகை கால்சியம் சேனலை, அதாவது கால்சியம் செல்லுக்குள் நுழையும் ஒரு வகை வாசலை, அடைக்கின்றன என்கிறது. ரிசெப்டார் தனியா, சேனல் தனியா? சரி, அதைக்கூட விடுங்கள். அந்த ரிசெப்டார் மிக நெருக்கமாகக் கிடப்பது எலும்புத்தசையில்தான் என்று வேறு எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் பிரஷர் மாத்திரை போட்டவர் மாடிப்படி ஏற முடியாமல் பாதியிலேயே உட்கார்ந்துவிட வேண்டுமே? ஒன்றும் ஆவதில்லை, ரத்தக்குழாய் மட்டும் விரிகிறது. வகுப்பில் கேட்டதற்கு "செலக்டிவிட்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அது பதிலா, கேள்விக்கே இன்னொரு பெயரா?

திசுக்கிண்ணம்:
பெயர்தான் தம்பி, பதில் இல்லை.

ரிசெப்டாரும் சேனலும் ஒரே புரதம். கதிரியக்க அடையாளம் போட்ட மருந்தைத் தூண்டிலாக வைத்து, அது எதில் ஒட்டுகிறது என்று தேடிப் பிரித்தெடுத்ததால் மருந்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். தேடிய இடம் முயலின் எலும்புத்தசை, அங்கேதான் அள்ள அள்ளக் கிடைத்தது. 1987-ல் ஜப்பானில் நூமாவின் குழு அதன் முழு அமினோ அமில வரிசையையும் வெளியிட்டது.

இனி ஒட்டும் இடம். "அடைப்பான்" என்ற பெயரைக் கேட்டதும் பாட்டிலுக்குத் தக்கை போடுவது போல ஒரு படம் மனதில் வந்துவிடும், எனக்கும் பல வருடம் அப்படித்தான் இருந்தது. இந்தச் சேனலின் முக்கியப் புரதத்தில் நான்கு பகுதிகள் வட்டமாக நிற்கின்றன, நடுவில் துளை. நிஃபெடிபின் வகை அந்தத் துளைக்குள் போவதே இல்லை. மூன்றாவது பகுதிக்கும் நான்காவது பகுதிக்கும் இடையில், செல் சவ்வின் கொழுப்பைப் பார்த்தபடி இருக்கும் ஒரு இடுக்கில், பக்கவாட்டில் போய் உட்காருகிறது. கதவின் கீலில் ஆப்பு வைத்த மாதிரி. வாசலில் யாரும் நிற்கவில்லை, ஆனாலும் கதவு திறக்காது. வேறு குடும்பத்துக் கால்சியம் அடைப்பானான வெரபமில் அப்படி இல்லை. அது செல்லுக்கு உள்ளிருந்து, கேட் திறக்கும் நேரம் பார்த்து, நடுத்துளைக்குள்ளேயே நுழைந்து கால்சியத்தை மறிக்கிறது. அதனால் சேனல் எத்தனை முறை திறக்கிறதோ அந்த அளவுக்கு வெரபமிலின் பிடி கூடும். வேகமாக அடிக்கிற இதயத்தில் அது நன்றாக வேலை செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு அடைப்பானான டில்டியாசெம் உட்காருவதும் அந்த நடுத்துளையில்தான்.

உன் முக்கியக் கேள்வி. சேனலுக்கு மூன்று நிலை: மூடியது, திறந்தது, திறந்து களைத்துப்போய் செயலிழந்தது. டைஹைட்ரோபிரிடின்களுக்குப் பிடித்தது மூன்றாவது. செல்லின் மின்னழுத்தம் பூஜ்யத்தை நோக்கி ஏற ஏற, அந்த நிலையில் இருக்கும் சேனல்கள் கூடும். ரத்தக்குழாய்த் தசை ஓய்விலேயே சுமார் மைனஸ் 50 மில்லிவோல்ட்டில் கிடக்கிறது, எப்போதும் அரைத்தூக்கம். இதயக் கீழறைச் செல் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு மைனஸ் 85 பக்கம் இறங்கிவிடுகிறது, சேனல்கள் தெளிந்துவிடும், மருந்தும் நழுவிவிடும். அதே மருந்து, ஏறக்குறைய அதே சேனல், வித்தியாசம் வோல்டேஜில். இரண்டு திசுக்களிலும் ஒரே ஜீன்தான் என்றாலும் அதை வெட்டி ஒட்டும் விதம் கொஞ்சம் மாறும், குழாயில் வரும் வடிவத்தில் மருந்து இன்னும் எளிதாக ஒட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்.

எலும்புத்தசையின் கதை வேறு. 1883-ல் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தைக் கால்சியம் இல்லாத கரைசலில் வைத்தார், துடிப்பு அடங்கிப்போனது. இதயத்துக்கு வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே வந்தால்தான், தசையைச் சுருக்கும் கால்சியத்தைச் செல்லுக்குள் சேர்த்து வைத்திருக்கும் உள்கிடங்கு திறக்கும். எலும்புத்தசை நாரை அதே மாதிரிக் கரைசலில் வைத்துத் தூண்டினால் நல்ல நேரத்துக்குத் துடித்துக்கொண்டே இருக்கும். ஏனென்றால் அங்கே இந்தப் புரதம் சேனலாக வேலை பார்ப்பதைவிட நெம்புகோலாகத்தான் வேலை பார்க்கிறது. மின்னழுத்தம் மாறியதும் அசைந்து, உள்ளே தன்னோடு கோர்த்திருக்கும் ரையனோடின் ரிசெப்டாரை, அதாவது அந்த உள்கிடங்கின் கதவை, நேராகத் தள்ளித் திறக்கிறது. துளை வழியாக ஒரு அயனிகூட வர வேண்டியதில்லை. அந்தத் தசையும் ஓய்வில் மைனஸ் 90 பக்கம் இருப்பதால், மாத்திரை சாப்பிட்டு ரத்தத்தில் வரும் அளவுக்கு மருந்து அங்கே பெரிதாக ஒட்டுவதும் இல்லை, நெம்புகோலை நிறுத்துவதும் இல்லை. ஆக, நீ படித்தது சரி. அங்கே கூட்டமாகத்தான் இருக்கின்றன, பார்க்கிற வேலைதான் வேறு.

மருந்துச்சீட்டு:
மேலே அருமையாகச் சொல்லிவிட்டார், நான் கவுன்ட்டர் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். "கால்சியம் அடைப்பான் சாப்பிடுகிறேன், எலும்புக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடவா?" என்று அடிக்கடி கேட்பார்கள். இந்த மருந்து ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தைக் குறைப்பதில்லை, தசை செல்லுக்குள் நுழைகிற வாசலில்தான் அதன் வேலை. டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம். இரண்டாவது, வெரபமில் சாப்பிடுபவர்களுக்கு மலச்சிக்கல் வரும், ரத்தக்குழாய் போலவே குடலும் மழமழப்புத் தசைதானே. அம்லோடிபினில் கணுக்கால் வீங்குவதும் இதே விஷயத்தின் மறுபக்கம்: நுண்குழாய்க்கு முன்னால் இருக்கும் தமனி விரிகிறது, பின்னால் இருக்கும் சிரை அந்த அளவுக்கு விரிவதில்லை, நீர் கசிந்து காலில் தேங்குகிறது. அதற்கு நீர் மாத்திரை கொடுத்தாலும் பெரும்பாலும் வீக்கம் வற்றாது.

பாதிபுரிந்தவன்:
சார், நெம்புகோல் என்றதும் சட்டென்று பிடிபட்டது. இன்னொன்று கேட்டுவிடுகிறேன். நிஃபெடிபின் ரத்தத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது, அம்லோடிபின் 30 முதல் 50 மணி நேரம். ஒட்டுகிற இடம் ஒன்றுதான் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து? அப்புறம், கீலில் ஆப்பு என்றீர்களே, ஆப்பை மாற்றி வைத்தால் கதவு திறந்தபடியே நிற்காதா?

மருந்துச்சீட்டு:
முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். அரை ஆயுளை முடிவு செய்வது ரிசெப்டார் இல்லை. அம்லோடிபினில் ஒரு அமினோ வால் இருக்கிறது, உடம்பின் பிஎச்சில் அதில் பாசிட்டிவ் மின்சுமை இருக்கும். அதனால் சவ்வுகளில் நன்றாகப் பற்றிக்கொள்கிறது, திசுக்களில் பரவித் தங்கிவிடுகிறது, கல்லீரலும் மெதுவாகத்தான் அழிக்கிறது. ரிசெப்டாரில் ஏறுவதும் இறங்குவதும்கூட நிதானம்தான். நிஃபெடிபினுக்கு அந்த வால் கிடையாது.

திசுக்கிண்ணம்:
இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி, நிற்கும். பே கே 8644 என்று ஒரு பொருள், அதுவும் டைஹைட்ரோபிரிடின்தான், அதே இடுக்கில்தான் உட்காருகிறது, ஆனால் சேனலை அதிக நேரம் திறந்து வைக்கிறது. இன்னும் வேடிக்கை, அதன் இரண்டு கண்ணாடி பிம்பங்களில் ஒன்று திறக்கும், மற்றது அடைக்கும். துளைக்குத் தக்கை என்ற படத்தை வைத்துக்கொண்டு இதை விளக்கவே முடியாது. நோயாளிக்குக் கொடுப்பதில்லை, ஆய்வகத்தோடு சரி.

ஆய்வகத்தில் தமனி வளையத்தை இரண்டு கொக்கிகளில் மாட்டி, பொட்டாசியம் அதிகமுள்ள கரைசலை ஊற்றினால் வளையம் இறுகி, இழுவிசையைப் பதிவு செய்யும் கோடு மேலே போய் நிற்கும். அதில் நிஃபெடிபின் ஒரு சொட்டு, கோடு சில நிமிடங்களில் சரிந்துகொண்டே வரும். செய்து பார்க்கும்போது பாட்டிலை அலுமினியத் தாளில் சுற்ற மறந்துவிடாதே, வெளிச்சம் பட்டால் நிஃபெடிபின் கெட்டுவிடும். நான் முதல் தடவை மறந்து, கோடு இறங்கவே இல்லையே என்று ஒரு மதியம் முழுக்க வளையத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.