சளியும் ரத்தமுமாகத் தொடரும் கழிச்சல்: உணவை மாற்றுவதா, பரிசோதனையா?

சாம்பல்வால்:
காப்பகத்திலிருந்து எடுத்து வந்த பெண் பூனை. வயது ஒன்றரை இருக்கும், கருத்தடை ஆகிவிட்டது, எடை 3.1 கிலோ. வந்ததிலிருந்தே மலம் களிபோலத்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை மணல் தட்டுக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான், மேலே சளி, முடிவில் சில நேரம் ஒரு சொட்டு சிவப்பு ரத்தம். வாந்தி இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடியாடுகிறது, எடையும் குறையவில்லை. குடல்புழு மருந்து கொடுத்தாயிற்று. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஒரு வாரம் கொடுத்தபோது மலம் கெட்டியானது, நிறுத்தியதும் பழையபடி. உணவை மூன்று முறை மாற்றியும் பலனில்லை. வீட்டில் இன்னொரு பூனையும் உண்டு, அதற்குத் தொந்தரவு எதுவும் இல்லை. அடுத்து வேறு உணவைப் பார்க்கலாமா, பரிசோதனைக்குப் போகலாமா?

மீசைக்காரி:
பரிசோதனைதான். உணவைக் கொஞ்ச நாளைக்குத் தொடாதீர்கள்.

அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, சளியோடும் சிவப்பு ரத்தத்தோடும் போனால் அது பெருங்குடல் கோளாறு. சிறுகுடல் கெட்டிருந்தால் ஒரு முறை போனாலே நிறையப் போகும், எடை இறங்கும், ரத்தம் கலந்தால் மலம் கறுப்பாக இருக்கும். பல பூனைகள் நெருக்கமாக இருந்த இடத்திலிருந்து வந்த இளம் பூனைக்குப் பெருங்குடல் கழிச்சல், உடம்பிலோ வேறு குறையில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியவை ட்ரைட்ரைக்கோமோனாஸ், ஜியார்டியா என்ற இரண்டு ஒட்டுண்ணிகள். வழக்கமான புழு மாத்திரைகள் பெரும்பாலானவற்றுக்கு இவை மசியாது. மெட்ரோனிடசோலில் ட்ரைட்ரைக்கோமோனாஸ் அடங்கியதுபோல் தெரியும், ஒழியாது. 'மருந்து இருக்கும்வரை நலம், நிறுத்தினால் பழையபடி' என்பது அதனோடு பொருந்திப் போகிறது. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது; வேறு காரணத்தால் வரும் கழிச்சலும் அந்த மருந்துக்குத் தற்காலிகமாக அடங்கும்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜியார்டியா எல்லா நாளும் மலத்தில் வெளியேறாது. ஒன்றுவிட்டு ஒரு நாளாக மூன்று மாதிரி கொடுங்கள், ஆன்டிஜென் (ஒட்டுண்ணியின் புரதத்தைக் கண்டறியும்) பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். ட்ரைட்ரைக்கோமோனாஸுக்கு அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைதான் நம்பகமானது. மணல் ஒட்டாத மலம் வேண்டும் என்பதால் அன்றைக்குத் தட்டில் மணலுக்குப் பதில் வெறும் பிளாஸ்டிக் மணிகளைப் போடுங்கள். மருத்துவர் நேரடியாக நுண்ணோக்கியில் பார்ப்பதாக இருந்தால் மாதிரி சூடு ஆறாமல் போய்ச் சேர வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் கிருமி செத்துவிடும், பார்க்க எதுவும் இருக்காது. நுண்ணோக்கியில் இரண்டு ஒட்டுண்ணிகளையும் மாற்றிச் சொல்லிவிடுவதும் நடக்கும்: ஜியார்டியா உதிரும் இலைபோலப் புரண்டு புரண்டு நகரும், மற்றது வெட்டி வெட்டி முன்னால் ஓடும்.

மருந்து எதுவாக இருந்தாலும் நிறுத்திச் சில நாள் கழித்து மாதிரி எடுப்பது நல்லது.

நாலாம்படி:
மேலே சொன்னதோடு சிகிச்சை பற்றியும் கொஞ்சம். அளவுகள் மருத்துவரிடம் பேசுவதற்காக. நீங்களாகக் கொடுக்க அல்ல.

ஜியார்டியா என்றால் ஃபென்பெண்டசோல், கிலோவுக்கு 50 மி.கி., தினம் ஒரு முறை, வழக்கமாக ஐந்து நாள். உங்கள் பூனைக்கு 155 மி.கி. வரும். மருந்து வேலை செய்தும் திரும்ப வந்தால் பெரும்பாலும் காரணம் ரோமம்: பின்பக்கத்தில் ஒட்டிய சிஸ்டை (மலத்தோடு வெளிவரும், ஓடு மூடிய ஜியார்டியாவை) நக்கி மறுபடி விழுங்கிவிடும். கடைசி நாள் மருந்தன்று பின்பக்கத்தையாவது ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். மணல் தட்டை தினமும் சுத்தம் செய்து, கொதிநீர் ஊற்றி, முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தில் சிஸ்ட் நெடுநாள் உயிரோடு இருக்கும், உலர்ந்தால் சாகும். சிகிச்சை முடிந்த கையோடு ஆன்டிஜென் பரிசோதனை செய்து பயந்துவிட வேண்டாம். கழிச்சல் நின்ற பிறகும் அது சில காலம் பாசிட்டிவ் காட்டும்.

ட்ரைட்ரைக்கோமோனாஸுக்கு ரோனிடசோல், கிலோவுக்கு 30 மி.கி., நாளுக்கு ஒரு வேளை, 14 நாள். பூனைகளுக்கென்று அனுமதி பெற்ற மருந்து அல்ல, மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டும். கசப்பு தாங்காது என்பதால் காப்ஸ்யூலாகத்தான் கொடுக்க முடியும்; கையுறை போட்டுக் கையாளுங்கள். நடை தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, சோர்ந்து படுத்து உணவை மறுத்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு அழையுங்கள், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மருந்து இது. பல பூனைகளுக்கு இரண்டு வருடத்துக்குள் கழிச்சல் தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. தொந்தரவு லேசாக இருந்தால் மருந்தைத் தவிர்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை.

சாம்பல்வால்:
நன்றி, மாதிரி எடுக்க ஏற்பாடு செய்கிறேன். முடிவு வரும்வரை என்ன கொடுப்பது? வேகவைத்த கோழி மட்டும் போதுமா? இரண்டும் நெகட்டிவ் என்று வந்தால்?

தட்டும்கிண்ணமும்:
கோழி மட்டும் ஓரிரு நாளுக்குச் சரி. வாரக்கணக்கில் கொடுத்தால் கால்சியமும், பூனைக்கு உணவில் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்தும் போதாமல் போகும். இப்போது எதைச் சாப்பிடுகிறதோ அதையே கொடுங்கள், நாலு வேளையாகப் பிரித்து. 3.1 கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 195 கிலோகலோரி கணக்கு வரும். எடை ஏறி இறங்குவதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பால் வேண்டாம். பெருங்குடல் கழிச்சலுக்கு இசப்கோல் உமி உதவும்: சுவை சேர்க்காதது, கால் தேக்கரண்டி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவிட்டு ஈர உணவில் கலந்து, நாளைக்கு இரண்டு வேளை. தண்ணீர் குறைந்தால் நேர்மாறாக மலச்சிக்கல்தான் வரும். மருந்துக்கும் உமிக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

நெகட்டிவ் என்றால் அப்போது உணவுச் சோதனை, ஒழுங்கானதாக. ஒரு பையைத் திறந்து நாலு நாளில் அடுத்ததற்குப் போவது சோதனையே அல்ல. ஹைட்ரோலைஸ்டு (ஒவ்வாமை வராதபடி சிறு துண்டுகளாக உடைத்த) புரத உணவு, அல்லது இதுவரை வாயில் படாத ஒரே ஒரு இறைச்சி. ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பிறகு குறைந்தது இரண்டு வாரம் அது மட்டும். நொறுக்குத்தீனி, சுவையூட்டிய மாத்திரை, மருந்தை ஒளித்துக் கொடுக்கும் பசை எதுவும் கூடாது. உங்கள் வீட்டில் இந்தச் சோதனை கெடப்போவது மற்றப் பூனையின் கிண்ணத்தால்தான். இன்னொரு பூனைக்கும் அதே உணவைக் கொடுத்துவிடுங்கள், அது முழுமையான உணவு என்றால் ஆரோக்கியமான பூனைக்குக் கெடுதல் இல்லை. சரியானால், பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்த்து, கழிச்சல் திரும்புகிறதா என்று கவனிப்பதுதான் உறுதி. பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பூனை நன்றாக இருக்கும்போது யாருக்கு மனம் வரும்!

மீசைக்காரி:
இன்னும் ஒன்று. உணவிலும் அடங்கவில்லை என்றால் 'ஸ்டீராய்டு போட்டுப் பார்ப்போம்' என்ற பேச்சு வரும். அதற்கு முன் எஃப்ஐவி, எஃப்இஎல்வி (பூனைகளின் எதிர்ப்பு சக்தியைக் குலைக்கும் இரண்டு வைரஸ்கள்) பரிசோதனை, ரத்தத்தில் பி12 அளவு, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றை முடித்துவிடுங்கள். பயாப்ஸி (குடல் திசுவை எடுத்துப் பார்ப்பது) தேவைப்படலாம் என்றால் அதையும்தான். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு எடுத்த பயாப்ஸியில் லிம்ஃபோமா என்ற குடல் புற்றுநோய் தெரியாமல் மறைந்துவிடக்கூடும். பி12 குறைவாக இருந்தால் அதை ஈடுகட்டாமல் மற்ற சிகிச்சை சரியாகப் பலன் தராது. வழக்கம் 250 மைக்ரோகிராம் ஊசி, வாரம் ஒன்று, ஆறு வாரம். ஸ்டீராய்டு எழுதினால் அது ப்ரெட்னிசோலோனா என்று சீட்டைப் பாருங்கள். ப்ரெட்னிசோனைப் பூனையின் உடம்பு ப்ரெட்னிசோலோனாகச் சரியாக மாற்றிக்கொள்ளாது.

வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் எடை போட்டுக் குறியுங்கள். 150 கிராம் குறைந்தாலே உங்கள் பூனைக்கு ஐந்து சதவீதம், உடனே சொல்ல வேண்டிய அளவு. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள், பூனையின் ஈரல் பட்டினியைத் தாங்காது. மனிதர்களுக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரையும் வலி மாத்திரையும் அறவே கூடாது. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும்.