உப்புவெளி வீட்டாக்கள் குழு: சேவல் இல்லாத அடை

சின்னம்மா: பிள்ளைகள் கறுத்தப் பேடு அடை கிடக்குது, தூக்கி வெளிய விட்டாலும் திரும்ப ஓடிப்போய் முட்டையில ஏறுது. சேவலைப் பொங்கலுக்கு முதலே குடுத்தாச்சு, இது பொரிக்குமோ

தர்ஷன்: சேவல் போய் ஒரு ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள இட்டதெண்டா சான்ஸ் இருக்கு, பிறகு இட்டதெண்டா கூழ்முட்டைதான். இந்தோனேசியாவில இருக்கிற கொமோடோ உடும்பெண்டா ஆணே தேவையில்ல 😂

மாமா: டேய் புளுகாத

தர்ஷன்: உண்மை மாமா. 2006ல இங்கிலாந்து செஸ்டர் மிருகக்காட்சிசாலையில ஃபுளோரா எண்டு ஒண்டு ஆணோட சேராமலே முட்டை இட்டு, அடுத்த ஜனவரி குஞ்சும் வந்திட்டு, டிஎன்ஏ பாத்து உறுதிப்படுத்தினவங்கள். எல்லாம் ஆண் குஞ்சு

வாணி அக்கா: அதேன் ஆண் மட்டும்?

தர்ஷன்: எங்களில ஆம்பிளைக்குத்தானே ஆணா பெண்ணா எண்டு தீர்மானிக்கிற நிறமூர்த்தம் (குரோமோசோம்) எக்ஸ் வை எண்டு ரெண்டு விதம், கோழியிலயும் கொமோடோவிலயும் பெண்ணுக்குத்தான் ரெண்டு விதம், இசட் டபிள்யூ. தனிய இட்டா ஒண்டே இரட்டிக்கும், ரெண்டு டபிள்யூ எண்டா கரு உயிர் தப்பாது, ரெண்டு இசட் எண்டா ஆண்

மாமா: எங்கட கபரகொய்யா, அந்த நீர் உடும்பு சைஸ் தானே?

தர்ஷன்: எங்க மாமா, அது மூண்டு மீற்றர், எழுபது கிலோ வரும். அங்க மண்ணைக் குவிச்சு முட்டை வைக்கிற ஒரு காட்டுக்கோழி இனம் இருக்கு, அதிண்ட மேட்டைத் தோண்டித்தான் கனக்க நேரம் இது முட்டை வைக்கும். கோழிக்கு 21 நாள், இதுக்கு எட்டு மாதம் மட்டில. குஞ்சு வந்த உடன மரத்தில ஏறீடும், கீழ நிண்டா பெரிசுகள் தின்னும்

சின்னம்மா: சீ. எங்கட பேடு பருந்து நிழல் கண்டாலே குஞ்செல்லாத்தையும் செட்டைக்குள்ள இழுத்து மூடும்

வாணி அக்கா: அழியுது எண்டினம் உண்மையோ

தர்ஷன்: ஓம், 2021ல ஐயுசிஎன் எண்ட உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அழியும் ஆபத்தில இருக்கெண்டு போட்டிட்டு. இந்தோனேசியாவில கொமோடோ, ரிஞ்சா, புளோரஸ் எண்டு கொஞ்சத் தீவிலதான் இருக்கு, கடல் ஏறினா இருக்கிற இடமும் சுருங்கும், அது தின்னுற மானையும் ஆக்கள் களவா வேட்டையாடுறாங்கள்

மாமா: எங்கட திருகோணமலைக் கோட்டை மானைக் குடுக்கேலாது, அதுகள் பொலித்தீன் திண்டு வயிறு கெட்டுக் கிடக்குதுகள் அதுக்கு முதல் ஒரு வழி பாருங்கோ

தர்ஷன்: 😂😂 சின்னம்மா, அடை வச்சு ஒரு கிழமை ஆனா இருட்டில டோர்ச்சுக்கு மேல முட்டையை வச்சுப் பாருங்கோ, சிவப்பு நரம்பு ஓடினா உயிர் இருக்கு, வெறும் மஞ்சளாத் தெரிஞ்சா எடுத்திடுங்கோ

சின்னம்மா: சரி ராவைக்குப் பாக்கிறன். வாணி, தம்பலகாமத்தில சேவலோட நிக்கிற நாட்டுக்கோழி முட்டை ஒரு பத்து எடுக்கேலுமோ கேள், இது அடையால எழும்ப முதல் வேணும்