எஃப்எம்ல பழைய பாட்டு நின்னுபோன அனுபவம் யாருக்கெல்லாம் இருக்கு?

தேனிக்காரர்:
போன மாசம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகல. அம்மாவுக்கு பி.பி.ஸ்ரீனிவாஸ்னா உயிர். அவர் பாட்டு ஒண்ணு கேட்டு, மதுரைத் தனியார் எஃப்எம் ஒண்ணுக்கு அவங்களே போன் போட்டாங்க. அந்தப் பக்கம் பேசின பொண்ணு மரியாதையாத்தான் சொல்லுச்சு: "அம்மா, 2000க்கு முந்தின பாட்டு இப்ப எங்க சிஸ்டத்துலயே இல்லம்மா. புதுசா ஏதாவது சொல்லுங்களேன்." அம்மாவுக்குப் புதுப் பாட்டு ஒண்ணும் தெரியாது. போனைக் காதுல வச்சபடியே என்னைப் பார்த்தாங்க. என்ன சொல்றதுன்னு எனக்கும் தெரியல. ஆரம்பிச்ச புதுசுல ராத்திரி ஒன்பதுக்கு மேல பழைய பாட்டு மட்டுமே போட்ட ஸ்டேஷன் அது.

முன்னாள் ஆர்ஜே:
ஸ்டேஷன்ல இருக்கிறவங்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப பாட்டை நானே எடுத்துப் போடுவேன். அப்புறம் செலக்டர் சாப்ட்வேர் வந்துச்சு. எந்தப் பாட்டு எந்த மணிக்கு, திரும்ப எப்ப வரணும், எல்லாம் தலைமை ஆபீஸ்ல முடிவாகி வரும். ஒரு சாயங்காலம் ஷிஃப்ட்டுக்குப் போனா, எண்பதுகள் பாட்டு வரிசை முழுசும் திரையில மங்கிக் கிடக்கு. கிளிக் பண்ணினா எடுக்கல. லைன்ல ஒரு லாரி டிரைவர் காத்திருந்தார். விளம்பரத்தை நடுவுல விட்டு அவரை அனுப்பி வச்சேன்.

காரணத்தையும் பாருங்க. தனியார் எஃப்எம் சொந்தமா செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்துப் போட மட்டும்தான் அனுமதி. அப்போ போட்டி போட பாட்டை விட்டா என்ன இருக்கு? யார் கேக்குறாங்கன்னு அளந்த ரேம்ங்கிற நேயர் கணக்கெடுப்பும் டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூருல மட்டும்தான் இருந்துச்சு. தமிழ்நாட்டுல ஒரு ஊர்கூட அதுல இல்ல. உங்க அம்மா கேக்குறது யார் கணக்குலயும் வராது. விளம்பரம் தர்றவங்க இளவட்டத்தைக் கேட்டா, ஸ்டேஷன் அதைத்தான் குடுக்கும்.

யாழ்ப்பாணத்திலயிருந்து:
எங்களுக்குத் தொண்ணூறுகளிலை கரண்டே இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவிலையிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் குடுப்பம். அண்ணா பெடலைச் சுத்துவார். கை உளைஞ்சால் பாட்டும் மெலியும். "சுத்தடா, சுத்தடா" எண்டு அம்மா சத்தம் போடுவா. 1998இலை சூரியன், சக்தி எண்டு தனியார் எஃப்எம் எல்லாம் வந்தாப்பிறகு நாள் முழுக்கப் பாட்டுத்தான். எண்டாலும் இலங்கை வானொலியிலை பாட்டுக்கு முதல் படம், பாடினவை, எழுதினவர், இசை எண்டு ஒண்டும் விடாமல் சொல்லுவினம். அது இல்லாமல் போனதுதான் எனக்குக் கவலை.

ஆன்டெனா பிரியர்:
எங்க வீட்டு ரேடியோலயும் அந்த மாதிரி ஸ்டேஷனை மாத்திட்டேன். தேனிக்காரரே, உங்களுக்கு ஆகாசவாணியோட கோடை பண்பலை 100.5 இருக்கே! கொடைக்கானல் மலை மேல டிரான்ஸ்மிட்டர், மதுரை, திண்டுக்கல் தாண்டியும் எடுக்கும். இரைச்சல் வந்தா இருமுனை ஆன்டெனா கட்டுங்க. பக்கத்துக்கு 71 செ.மீ. வீதம் ரெண்டு செம்புக் கம்பி, நடுவுல டிவி கேபிள். மொட்டை மாடியில மலை தெரியிற பக்கம் பார்த்து, கம்பி குறுக்கா இருக்கிற மாதிரி கட்டணும். தகர ஷீட் பக்கத்துல வேண்டாம். கேபிள் இணைப்புல தண்ணி இறங்காம டேப் சுத்துங்க. செல்போன்ல கேக்கணும்னா நியூஸ் ஆன் ஏர் ஆப்லயும் கோடை வரும்.

தேனிக்காரர்:
ஆன்டெனா நண்பருக்கு: எங்க வீட்டுல கோடை கணீர்னு எடுக்குது, அம்மா தினம் கேக்குறாங்க. பிரச்சினை சிக்னல் இல்லைங்க. ஆர்ஜே அண்ணே, யார் கணக்குலயும் வராதுன்னு சொன்னீங்களே, அதைத்தான் ஏத்துக்க முடியல. அந்த ஸ்டேஷன்ல மத்தியானம் பூரா மூட்டுவலித் தைலம் விளம்பரம் ஓடுது. அதை யார் வாங்குவாங்கன்னு நினைச்சுப் போடுறாங்க?